சென்னையைவிட அண்மையில் உள்ள விண்வெளி

விழுப்புரம் சந்திப்பில் சென்னைக்குச் சீட்டு வாங்குபவர் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் பயணத்துக்கு ஆயத்தமாகிறார். திண்டிவனத்தில் ஏறுபவருக்கு அது 120 கிலோமீட்டர் அளவே. வழியில் ஒரு குட்டித் தூக்கம் போடலாம். எவரும் இதனைப் பெரும் பயணமாகக் கருதுவதில்லை. அதே திண்டிவனத்திலிருந்து ஒருவர் நேர் செங்குத்தாக மேல்நோக்கிச் செல்ல இயலுமானால், 100 கிலோமீட்டரிலேயே அவர் விண்வெளியின் எல்லையைத் தொட்டுவிடுவார். பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு அதுதான். ஆகவே, திண்டிவனத்தாருக்கும் விழுப்புரத்தாருக்கும் விண்வெளி சென்னையைவிட அண்மையில் இருக்கிறது.

இத்துணை அருகில் உள்ள ஓர் இடத்துக்குச் சென்று மீள, மனித குலம் 1961ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது ஏன்? உயரம்தான் தடை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அஃது அவ்வளவு பெரிய தடையன்று. இதனை விளங்கிக்கொள்ள, முதன்முதலாகச் சென்ற அமெரிக்கர்களின் வரலாறு நமக்கு நன்கு உதவும்.

உலகில் முதலாவதாக விண்வெளிக்குச் சென்றவர் சோவியத் நாட்டின் யூரி ககாரின். 1961 ஏப்ரல் 12ஆம் நாள் அவர் 108 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றி மீண்டார். மூன்று வாரங்கள் சென்று, மே 5ஆம் நாள், அமெரிக்கரான ஆலன் ஷெப்பர்டு ஃபுளோரிடா மாநிலக் கடற்கரையிலிருந்து புறப்பட்டார். கலத்தினுள் படுத்தவாறே நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பின்னரே அவருடைய ராக்கெட் கிளம்பிற்று. பறந்த நேரமோ பதினைந்தரை நிமிடத்துக்கும் குறைவு! 187 கிலோமீட்டர் உயரம் சென்று, 487 கிலோமீட்டர் தொலைவில் அட்லாண்டிக் கடலில் இறங்கினார். நம் கணக்கில் சொல்வதானால், உயரம் விழுப்புரத்திலிருந்து சென்னைக்குச் சற்றே அப்பால். தொலைவு ஏறத்தாழ விழுப்புரத்திலிருந்து திருநெல்வேலிக்கு உள்ள ரயில் தூரம்.

ககாரின் பூமியைச் சுற்றினார்; ஷெப்பர்டு சுற்றவில்லை. மேலே எறிந்த கல்லைப் போல் எழுந்து, வளைந்து, விழுந்தார். இவ்விருவருக்கும் உள்ள வேற்றுமை உயரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது.

நமக்குப் பழக்கமான செஞ்சிக் கோட்டைக்குச் செல்வோம். இராஜகிரி உச்சியில் ஒரு பீரங்கியை நிறுத்திக் கிடைமட்டமாகச் சுடுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். (இவ்வெண்ணம் என்னுடையதன்று, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நியூட்டன் ஒரு கற்பனை மலைமீது வைத்துக் காட்டிய பீரங்கியைத்தான் செஞ்சிக்கு இழுத்து வந்திருக்கிறேன்.) குண்டு எவ்வளவு வேகமாகச் சென்றாலும், முதல் ஒரு விநாடியில் அது ஏறத்தாழ 5 மீட்டர் கீழே விழுந்தே தீரும். புவியீர்ப்பின் சட்டம் அது. ஆனால் பூமி தட்டையானதன்று, உருண்டை. ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சென்றால் தரையும் 5 மீட்டர் கீழே வளைந்து இறங்கிவிடுகிறது. ஆகவே அந்தக் குண்டு விநாடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் என்ன ஆகும்? அது விழ விழத் தரையும் விலகிக்கொண்டே போகும். குண்டு ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும். ஒருபோதும் தரையைத் தொடாது. சுற்றுப்பாதை என்று நாம் சொல்வது இதனையே. காற்று தடுக்குமே என்று கேட்பீர்கள். உண்மை. அந்தக் காற்றிலிருந்து தப்புவதற்குத்தான் உயரம் வேண்டியிருக்கிறது, வேறொன்றுக்கும் இல்லை.

இதனால் இன்னொரு மயக்கமும் தீர்கிறது. விண்வெளியில் ஈர்ப்பே கிடையாது, அதனால்தான் வீரர்கள் மிதக்கிறார்கள் என்று பாடம் சொல்பவர்கள் உண்டு. 200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் 100க்கு 94 பங்கு அப்படியே இருக்கிறது. கலமும் விழுகிறது, அதனுள் இருப்பவரும் விழுகிறார். இருவரும் ஒன்றாய் விழுவதால் ஒருவர்மீது ஒருவர் பாரம் சுமத்துவதில்லை.

அந்த வேகம் எத்தகையது? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். விரைவு ரயிலுக்கும் அரை மணி நேரம் ஆகலாம். சுற்றுப்பாதையில் செல்பவர் அத்தூரத்தை ஐந்து விநாடியில் கடக்கிறார். ஷெப்பர்டின் வேகத்தைப்போல் இது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஆற்றலோ வேகத்தின் இருமடிப் பெருக்கமாக வளர்வது. ஆகவே தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ 12 மடங்கு. ஏறும்போது இவ்வளவையும் ராக்கெட் கொடுக்க வேண்டும். இறங்கும்போது இவ்வளவையும் எங்கேனும் தொலைத்தாக வேண்டும். ஆபத்தெல்லாம் இந்தத் தொலைப்பதில்தான் இருக்கிறது.

1962 பிப்ரவரி 20ஆம் நாள் ஜான் கிளென் இவ்வேகத்தில் சென்றார். 1959 ஏப்ரலில் அமெரிக்கா தேர்ந்து அறிவித்த எழுவரில் அவர் ஒருவர். எழுவரும் போர் விமானங்களைச் சோதித்துப் பழகியவர்கள். உயரம் ஐந்தடி பதினோரு அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று விதி இருந்தது. அழகுக்காக அன்று, கலத்தின் அகன்ற அடிப்பாகமே 1.9 மீட்டர் குறுக்களவுதான், அதற்குள் நெட்டையர் எங்ஙனம் அடங்குவர்?

கிளென் பூமியை மூன்றுமுறை சுற்றினார். முதற்சுற்றின் இறுதியிலேயே தானியங்கிக் கட்டுப்பாடு பழுதுபட்டது. கைப்பிடியைப் பற்றித் தாமே கலத்தை நிலைநிறுத்தினார். இரண்டாம் சுற்றில் தரையிலிருந்தோர் கண்ட செய்தி இதனினும் கொடியது. கலத்தின் அடியில் பொருத்தப்பட்ட வெப்பக் கவசம் பூட்டிலிருந்து விடுபட்டுவிட்டது என்று ஓர் அடையாளக் குறி காட்டிற்று.

வெப்பக் கவசம் என்பது யாது? விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்றினுள் நுழையும் கலத்தின் முன்னே, காற்று விலகி வழிவிட நேரமின்றி நெரிபட்டுக் கொதிக்கிறது. கூர்மையான மூக்குடைய கலமே இதற்கு நன்று என்று தொடக்கத்தில் எண்ணினர். அமெரிக்க அறிஞர் ஜூலியன் ஆலன் அதனை மறுத்தார். மொண்ணையான அடிப்பாகத்தை முன்னிறுத்தினால், கொதிக்கும் காற்று ஒரு மெத்தைபோல் சற்று விலகியே நிற்கும். வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்பதை 1950களில் அவர் நிறுவினார். எஞ்சிய வெப்பத்தை ஏற்பது கவசம். அதன் மேற்புறம் கருகி, ஆவியாகி, தன்னோடு வெப்பத்தையும் கொண்டு போய்விடுகிறது. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறதல்லவா, ஏறக்குறைய அவ்வழியே. ஆனால் இங்கே ஆவியாவது பானையே!

அக்கவசம் கழன்றால் கிளென் சாம்பலாவது திண்ணம். கவசத்தின்மேல், வேகத்தைத் தணிக்கும் சிறு ராக்கெட்டுகளின் கட்டு ஒன்று மூன்று உலோகப் பட்டைகளால் பிணைக்கப்பட்டிருந்தது. வேலை முடிந்ததும் அதனைக் கழற்றி எறிவதே முறை. எறிய வேண்டா, அப்பட்டைகளேனும் கவசத்தைச் சிறிது நேரம் பிடித்து வைக்கட்டும் என்று தரையில் முடிவு செய்தனர். இதன் முழுக் காரணத்தைக் கிளெனுக்கு உடனே சொல்லவில்லை. ஏதோ கோளாறு என்பதைத் தம்மைக் கேட்ட கேள்விகளிலிருந்து அவரே உய்த்துணர்ந்தார். உயிரைப் பணயம் வைத்தவனிடம் உண்மையை மறைத்தது தகுமா என்று பின்னர் அவர் வருந்தியதில் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. கலம் காற்றினுள் நுழைந்தது. தீயின் திரை சூழ்ந்தமையால் வானொலித் தொடர்பு அறுந்தது. எரியும் துண்டுகள் சன்னலைக் கடந்து பறப்பதை அவர் கண்டார். கட்டின் துண்டுகளா, கவசத்தின் துண்டுகளா? நான்கு நிமிடங்களுக்கு மேல் ஒருவருக்கும் விடை தெரியாது. பிறகு அவர் குரல் கேட்டது. கவசம் தன்னிடத்திலேயே இருந்தது; பொய் சொன்னது ஒரு சிறு மின்விசை.

அவ்விண்கலத்தை அதே ஆண்டில் உலகெங்கும் காட்சிக்கு அனுப்பினர். பம்பாய்க்கும் அது வந்தது.

எல்லாரும் கிளெனைப்போல் பேறுடையவர் அல்லர். எழுவரில் இரண்டாவதாகச் சென்ற கஸ் கிரிஸம் 1961 ஜூலை 21ஆம் நாள் கடலில் இறங்கியபோது, கலத்தின் கதவு நேரத்துக்கு முன்பே வெடித்துத் திறந்தது. அவர் நீந்தித் தப்பினார், கலம் மூழ்கிற்று. 1967 ஜனவரி 27ஆம் நாள், தரையில் ஒத்திகையின்போது, அப்பொல்லோ கலத்தில் தீப்பற்றியது. உள்ளே நிரம்பியிருந்தது தனி ஆக்சிஜன். கதவோ உள்நோக்கித் திறப்பது. உள்ளழுத்தம் ஏறியதும் அதனை இழுக்க இயலவில்லை. கிரிஸமும் எட்வர்டு வொயிட்டும் ராஜர் சாஃபியும் மாண்டனர். முன்னொரு நாள் திறக்கக்கூடாத வேளையில் திறந்த கதவு. இன்று திறக்க வேண்டிய வேளையில் திறவாத கதவு. அதன்பின் வெளிநோக்கி விரைந்து திறக்கும் கதவு அமைத்தனர். ஏவுமுன் கலத்தில் நிரப்பும் காற்றில் நைட்ரஜனும் கலந்தனர்.

ராக்கெட் வெடித்தால் வீரரைக் காப்பது எவ்வாறு? கலத்தின் உச்சியில் ஒரு சிறு ராக்கெட் கோபுரத்தை வைத்தனர். ஆபத்தில் அது கலத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடும். 1960 நவம்பர் 21ஆம் நாள் ஆளில்லாச் சோதனையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. பெரிய ராக்கெட் சில அங்குலமே எழும்பி, மீண்டும் மேடையிலேயே அமர்ந்துவிட்டது. தப்பிக்கும் கோபுரம் மட்டும் கலத்தை விட்டுவிட்டுத் தனியே வானேறிப் போயிற்று! இரு மின்னிணைப்புகள் முறைமாறிக் கழன்றதே காரணம்.

இக்கோபுரத்தைச் சோதிக்கவென்றே ஒரு மலிவான ராக்கெட்டைச் செய்து, வர்ஜீனியா மாநிலத்து வாலப்ஸ் தீவிலிருந்து ஏவினர். அதே வாலப்ஸ் தீவுக்கு 1963இல் பயிற்சிக்குச் சென்றவர்களுள் இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாமும் ஒருவர். அறுபது ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபர் 21ஆம் நாள், நம் ககன்யான் திட்டத்துக்கென ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த முதற் சோதனையும் அவ்வகையினதே. முதலில் எண்ணிக்கை முடிய ஐந்து விநாடி இருக்கையில் கணினி தானே நிறுத்திவிட்டது. பிழை கண்டு நீக்கி, காலை 10 மணிக்கு ஏவினர். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில் கலம் பிரிந்து, குடை விரித்து, வங்கக் கடலில் இறங்கியது. அத்திட்டத்துக்கெனத் தேர்ந்த நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25ஆம் நாள், ஷெப்பர்டு கிளம்பிய அதே ஃபுளோரிடாக் கடற்கரைப் பகுதியிலிருந்து, அமெரிக்கக் கலத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்று, ஜூலை 15ஆம் நாள் திரும்பினார்.

இனி விழுப்புரத்துக்கே மீள்வோம். நிலவில் காற்று இல்லை. ஆகவே வெப்பக் கவசமும் உதவாது, குடையும் உதவாது. வேகத்தை ராக்கெட்டின் எதிர்விசை ஒன்றினாலேயே தொலைக்க வேண்டும். 1969 ஜூலை 20ஆம் நாள் அங்கு இறங்கிய நீல் ஆர்ம்ஸ்டிராங், பாறைகள் நிறைந்த பள்ளத்தைக் கண்டு, கலத்தைத் தம் கையாலேயே ஓட்டி அப்பால் இறக்கினார். ஆளில்லாக் கலத்தில் அந்தக் கண்ணும் கையும் கணினியே ஆதல் வேண்டும். 2019 செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் தரையிறங்கி இம்முயற்சியில் வீழ்ந்து நொறுங்கியது. எந்திரங்கள் எதிர்பார்த்ததினும் மிகுதியாக உந்தின. பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. அவற்றைத் திருத்திக்கொள்ளும் இடம் கணினிக்குக் குறைவாயிருந்தது.

மறுமுறை முயன்ற சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் பிறந்தவர். ரயில்வே ஊழியரின் மகன். ஊரின் ரயில்வே பள்ளியிலும் தொழில்நுட்பப் பயிற்சிக் கல்லூரியிலும் பயின்று, பின்னர் சென்னையிலும் திருச்சியிலும் மேற்படிப்பு முடித்தவர். எது எது தவறக்கூடும் என்று முன்னதாகவே பட்டியலிட்டு, அவ்வொவ்வொன்றுக்கும் ஈடுகொடுக்கும்படி அக்கலத்தைச் செய்தனர். கால்களை வலுப்படுத்தினர், எரிபொருளை மிகுவித்தனர், 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தனர்.

2023 ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை, 30 கிலோமீட்டர் உயரத்தில் இறக்கம் தொடங்கியபோது அக்கலத்தின் வேகம் விநாடிக்கு 1.68 கிலோமீட்டர், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு. பத்தொன்பது நிமிடங்களில் அவ்வளவையும் தொலைத்தாயிற்று. 6 மணி 4 நிமிடத்துக்கு அது நிலவைத் தொட்டபோது, அதன் வேகம் ரயிலைப் பிடிக்க நடைமேடையில் விரைந்து நடப்பவருடைய வேகத்தின் அளவே.