செத்தது பம்பா, ஒயரா?
படகு மோட்டாருக்குப் புது ஃபியூவல் பம்ப் வாங்கும் முன் ஒரு பல்பு சோதனை

வலையை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பும் நேரம். மோட்டார் இரண்டு முறை இருமுகிறது, நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. பக்கத்துப் படகு கயிறு போட்டு இழுத்து வந்தால்தான் கரை. அதற்குள் ஐஸ் கரைந்து, மீன் கேட்ட விலைக்குப் போய்விடும்.

கரையில் உடனே கிடைக்கும் தீர்ப்பு, ‘ஃபியூவல் பம்ப் போச்சு’ என்பதுதான். வட்டிக்கு வாங்கியாவது பல ஆயிரம் ரூபாய்க்குப் புதுப் பம்ப் மாட்டுகிறார்கள். நாலு நாள் ஓடுகிறது. ஐந்தாம் நாள் மறுபடியும் அதே இருமல்.

பழைய பம்ப் கெட்டே போகாமல் இருந்திருக்கலாம். அதற்குப் போக வேண்டிய கரண்ட், வழியிலேயே நின்றிருக்கும். பம்பை மாற்றும்போது சாக்கெட்டைக் கழற்றி மாட்டியதில் களிம்பு கொஞ்சம் உரசிப் போய், தற்காலிகமாகக் கரண்ட் பாய்ந்ததுதான் அந்த நாலு நாள் ஓட்டம். உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் செம்புக் கம்பியும் பித்தளைப் பின்னும் பச்சைக் களிம்பு பிடிப்பது இயல்பு. அதனால் பம்பைச் சந்தேகப்படும் முன், பம்புக்குப் போகும் பாதையைச் சோதிக்க வேண்டும்.

உங்கள் மோட்டாரில் கரண்ட் பம்ப் இருக்கிறதா?

எல்லா அவுட்போர்டு மோட்டாரிலும் கரண்டில் ஓடும் பம்ப் கிடையாது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சிறிய கார்புரேட்டர் மோட்டார்களில் பெரும்பாலும் இருப்பது ரப்பர் சவ்வு பம்ப். இன்ஜின் ஓடும்போது ஏற்படும் அழுத்த மாற்றத்திலேயே அந்தச் சவ்வு ஆடி, பெட்ரோலை இழுக்கும். அங்கே கோளாறு என்றால் சவ்வு கிழிந்திருக்கலாம், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். ஒயரைத் தேடிப் பயனில்லை.

இன்ஜெக்ஷன் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களில்தான் கரண்ட் பம்ப் இருக்கும். அதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். இப்போது வரும் பெரும்பாலான பி.எஸ். 6 பைக்குகளில் சாவியைத் திருப்பியதும், டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓசை வந்து அடங்கும். அது பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம். படகு மோட்டாரிலும் இதே ஏற்பாடுதான். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ‘ஆன்’ செய்து, மூடியில் காது வைத்தால் அந்த ஓசை கேட்க வேண்டும். ஓசையே இல்லை என்றாலும், இழுத்து இழுத்து மெலிதாகக் கேட்டாலும் கரண்ட் பாதையைப் பார்க்கத் தொடங்கலாம்.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோல் ஆவியும் மின்பொறியும் சேர்ந்தால் தீ. வேலையைக் கரையில், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். மூடியைக் கழற்றி, ஆவி கலைய நேரம் கொடுக்க வேண்டும். சிந்திய பெட்ரோலைத் துடைத்த பிறகே ஒயரைத் தொடலாம். பீடி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது. இன்ஜெக்ஷன் மோட்டாரின் பெட்ரோல் குழாயில், மோட்டார் நின்ற பிறகும் அழுத்தம் இருக்கும். குழாயைக் கழற்றிப் பார்க்கும் வேலை வேண்டாம். பம்பை நேராக பேட்டரியில் கொடுத்து ஓட்டிப் பார்ப்பதும் ஆபத்து. பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது, வழுவழுப்பும் தருகிறது. வறட்டு ஓட்டம் ஓடினால் நல்ல பம்பும் கெடும்.

பைசா செலவில்லாத நான்கு சோதனைகள்

1. அவசர நிறுத்தக் கயிறு: ஓட்டுபவர் கையில் கட்டிக்கொள்ளும் சுருள் கயிற்றின் கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? அது விலகியிருந்தால் சில மோட்டார்களில் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

2. பேட்டரி: முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பேட்டரியோ அதன் இணைப்போ பலவீனம். டெர்மினலைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கையால் முறுக்கும் காது நட்டு, படகின் அதிர்வில் தளர்ந்துவிடும். ஸ்பேனரில் இறுக்கும் நட்டு போடுவது நல்லது.

3. ஃபியூஸ்: பிடுங்கி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ் மட்டுமே போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், செம்புக் கம்பி வேண்டவே வேண்டாம். புது ஃபியூஸும் உடனே போனால், எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது அல்லது பம்ப் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

4. ரிலே: சாவி போட்டதும் ‘டிக்’ என்ற சத்தம் வருகிறதா? அதே எண் போட்ட இன்னொரு ரிலே மோட்டாரில் இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். ‘டிக்’ சத்தம் வந்தால் மட்டும் ரிலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. உள்ளே கரண்ட் பாயும் முனை கருகியிருக்கலாம்.

மீட்டர் 12 காட்டும், பம்ப் ஓடாது!

அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் இதுதான். பம்பின் சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது. ‘கரண்ட் வருது, பம்ப்தான் செத்துப்போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வாய்க்காலோடு ஒப்பிட்டால் இது எளிதாகப் புரியும். மடையை அடைத்து வைத்திருக்கும்போது, வாய்க்காலில் தூர் அடைத்திருந்தாலும் கசிந்து கசிந்து கடைமடையில் தண்ணீர் மட்டம் ஏறி நிற்கும். மடையைத் திறந்து வயலுக்கு விடும்போதுதான், வரத்து போதவில்லை என்பது தெரியும். மீட்டர் இழுப்பது மிக மிகக் குறைந்த கரண்ட். பத்து இழை உள்ள கம்பியில் ஒன்பது அரித்துப்போய் ஒன்று மிச்சம் இருந்தாலும் மீட்டருக்கு அது போதும். 12 என்று காட்டிவிடும். ஆம்பியர் கணக்கில் கரண்ட் இழுக்கும் பம்புக்கு அது போதாது. ஆகவே, சுமை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அதற்குத் தேவை, காரின் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று; ஹோல்டர்; இரண்டு முழ ஒயர் இரண்டு. இந்தப் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் பல்பு வேண்டாம், அது அதிகச் சுமை.

பம்பின் சாக்கெட்டைக் கழற்றி, மோட்டார் பக்கத்திலிருந்து வரும் இரண்டு பின்களுக்கும் நடுவே பல்பை இணைக்க வேண்டும். பிறகு ஒருவர் சாவியை ‘ஆன்’ செய்ய வேண்டும்.

* பல்பு பளிச்சென்று இரண்டு மூன்று நொடி எரிந்து அணைந்தால், பாதை சரி. சாக்கெட்டின் பின்னைச் சுத்தம் செய்து மாட்டியும் பம்ப் ஓடவில்லை என்றால், அப்போது பம்பை மாற்றலாம்.

* மங்கலாக எரிந்தால், வழியில் களிம்போ தளர்ந்த இணைப்போ இருக்கிறது. பம்பில் குறை இல்லாமல் இருக்கலாம்.

* எரியவே இல்லை என்றால், கரண்ட் அங்கு வரவில்லை. ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

மங்கலாக எரிந்தால் குறை பிளஸ் பக்கமா, மைனஸ் பக்கமா? பல்பின் ஒரு முனையை பிளஸ் பின்னிலேயே வைத்து, மறு முனையை நேராக பேட்டரியின் மைனஸில் கொடுத்து, மீண்டும் சாவியைப் போட வேண்டும். இப்போது பளிச்சென்று எரிந்தால் குறை மைனஸ் பக்கம்தான். மோட்டாரின் உடம்பில் எர்த் ஒயர் முடுக்கிய போல்ட்டை முதலில் பார்க்க வேண்டும். உப்பு பூத்திருக்கும் இடம் அது. சில மாடல்களில் மைனஸ் பக்கத்தை மோட்டாரின் கம்ப்யூட்டர் பெட்டியே இணைக்கும். எர்த் சுத்தமாக இருந்தும் குறை தீரவில்லை என்றால் கம்பெனி மெக்கானிக்கிடம் போவதுதான் முறை. இந்தப் பல்பை சென்சார் ஒயர்களிலோ இன்ஜெக்டர் ஒயர்களிலோ வைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் பெட்டி கெட்டுவிடும்.

மீட்டர் வைத்திருப்பவர்கள், பல்பு எரியும்போதே அதன் இரு முனைகளிலும் அளக்கலாம். பேட்டரியில் 12.5, பல்பில் 11 என்றால், ஒன்றரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தாலே இணைப்புகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சரிசெய்வது எப்படி?

களிம்பு பிடித்த ஒயரின் மேல்தோலைச் சீவினால் உள்ளே கம்பி கறுத்திருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது கடலில் நிலைக்காது. டேப்புக்குள் உப்பு ஈரம் தங்கி, கம்பியை இன்னும் வேகமாக அரிக்கும். ஈயம் பூசிய கம்பியுள்ள ஒயரை, கிரிம்ப் குழலில் நசுக்கி இணைத்து, சூட்டில் சுருங்கி ஒட்டும் உறையைப் போட வேண்டும். சுத்தம் செய்த டெர்மினலை இறுக்கிய பிறகு, மேலே மெல்லிய பூச்சாக வாசலின் தடவலாம். மூடிக்குள் பிரஷர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவவே கூடாது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பம்ப் ஓசை நன்றாகக் கேட்கிறது. ஆனாலும் கால் மணி நேரம் ஓடியதும் மோட்டார் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி பிடிக்கிறது. ஏன்?

பதில்: முதலில் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். அது அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராது. நிற்கும் நேரத்தில் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போய் மோட்டார் பிடித்தால், காரணம் அதுதான். அடுத்து ஃபில்டர். இவை இரண்டும் சரியென்றால், சூடானதும் விட்டுப்போகும் ரிலே அல்லது பம்பைச் சந்தேகிக்கலாம். மோட்டார் நின்ற அந்த நேரத்திலேயே, கரையில் வைத்துப் பல்பு சோதனையைச் செய்யுங்கள். ஆறிய பிறகு செய்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

கேள்வி: பெட்ரோலில் தண்ணீர் கலந்தாலும் இப்படி ஆகுமா?

பதில்: ஆகும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் தன்மை உடையது. தண்ணீர் அளவுக்கு மீறினால், அதுவும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் இழுப்பது அதைத்தான். டேங்க் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடி பாட்டிலில் அசையாமல் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். பல நாள் தொழிலுக்குப் போகாத காலத்தில், பழைய பெட்ரோலை டேங்கில் அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: கடலிலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில்: முதலில் நங்கூரம் போடுங்கள். பிறகு கிளிப், டெர்மினல், ஃபியூஸ், ரிலே என்ற நான்கை மட்டும் பாருங்கள். ஆடும் படகில் பெட்ரோல் குழாயைக் கழற்றாதீர்கள். இரண்டு ஃபியூஸ், ஒரு ரிலே, ஒரு ஸ்பேனர், டார்ச் ஆகியவை தண்ணீர் புகாத டப்பாவில் எப்போதும் படகில் இருக்கட்டும். துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள். உதவிக்குக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். செல்போன் சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போகிறவர்கள், துணைப் படகு இல்லாமல் போக வேண்டாம்.