20 நிமிடக் கண்ணாடிக் குழாய்

லால்குடிப் பக்கம் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் டீக்கடைப் பேச்சில் பாம்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும். வைக்கோல் பிரிக்கும்போது, வாழைக்குச் சருகு கழிக்கும்போது, ராத்திரி மோட்டார் போடப் போனபோது என்று ஆளுக்கொரு கதை இருக்கும். பக்கத்து பெஞ்சுப் பெரியவருக்கு மட்டும் கதையோடு ஒரு வழக்கும் இருந்தது.

"மச்சினனுக்கு விரியன் கடிச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம் தம்பி. ஊசியப் போடாம ரத்தத்தைக் கண்ணாடி டியூப்புல எடுத்து வச்சிட்டு, இருபது நிமிசம் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. உசுருக்கு ஊசலாடுற நேரத்துல இது என்ன வேடிக்கை?"

நியாயமான கேள்விதான். இன்னும் இரண்டு டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கண்ணாடி விரியன் நஞ்சு ரத்தத்தை உறைய விடாது என்பது ஊரறிந்த சங்கதி. அது எப்படி என்பதுதான் விநோதம். உறைய வைக்கும் புரதங்களை நஞ்சு முடக்குவதில்லை, உசுப்பிவிடுகிறது. ரத்தம் கண்ட இடத்திலும் உறையத் தொடங்கி, சரக்கெல்லாம் வீணாகச் செலவாகிறது. விதைநெல்லையும் அவித்துத் தின்ற வீடு மாதிரி, சில மணி நேரத்தில் கையிருப்பு காலி. அப்புறம் ஈறில் கசிந்தாலும் மூளைக்குள் கசிந்தாலும் நிறுத்த உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்தக் கையிருப்பைத்தான் குழாயில் பார்க்கிறார்கள். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம். 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்ப்பார்கள். கட்டியாக நின்றால் சரக்கு இருக்கிறது. தண்ணீராக ஓடினால் நஞ்சு வேலையைக் காட்டிவிட்டது. பிளாஸ்டிக் குழாய் உதவாது; கண்ணாடிப் பரப்பு பட்டால்தான் உறைதல் ஒழுங்காகத் தொடங்கும். சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கலாம். அதை நம்பினால் நஞ்சே ஏறாத ஆளுக்கு மருந்து ஏறிவிடும்.

"ஏறுனா ஏறட்டுமே, மருந்துதானே?" என்றார் டீ மாஸ்டர்.

அங்கேதான் சங்கடம். அந்த மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது. நம் உடம்பு அதை அந்நியமென்று கண்டு சண்டைக்கு நிற்கும்: அரிப்பு, குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், சிலருக்கு ரத்த அழுத்தம் அதலபாதாளம். இந்தியாவில் தயாராகும் மருந்தைத்தான் இலங்கையிலும் போடுகிறார்கள். அங்கே அசித்த டி சில்வா குழுவினர் 1007 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. நான்கில் மூன்று பேருக்கு ஏதாவது ஒரு ஒவ்வாமை. மருந்துக்கு முன்னால் தோலடியில் கால் மில்லி அட்ரினலின் போட்டவர்களிடம், முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. வழக்கமாகக் கூடவே போட்டுவந்த ஹைட்ரோகார்டிசோனும் புரோமெதசினும் அந்த வேலையைச் செய்யவில்லை. பழக்கத்தில் நம்பிக்கொண்டிருந்ததைச் சோதித்துப் பார்த்து வேண்டாமென்று சொன்ன இந்த மாதிரி ஆய்வுக்கு என்னிடம் மரியாதை அதிகம்.

குழாயையும் இப்படிச் சோதித்தார்கள். இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்து, உறைதல் கெட்டுப்போனதென்று ஆய்வகம் உறுதிசெய்தவர்களை எடுத்துக்கொண்டார் ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி இஸ்பிஸ்டர். வார்டில் வைத்த குழாய் அவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது? நூற்றுக்கு 40. மற்றவர்களுக்கு 'உறைந்துவிட்டது' என்ற பதில் வந்து, மருந்தும் தாமதமானது. 2013இல் இது வெளியானபோது குழாயைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. பயிற்சி பெற்றவர்கள், ஒரே வகைக் குழாயில், அளந்த ரத்தத்தோடு, கடிகாரம் பார்த்துச் செய்தபோது அதே சோதனை நூற்றுக்கு 82 பேரைப் பிடித்தது; அந்த முடிவு 2017இல் வந்தது. வார்டில் நாலு நோயாளிக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும் நர்ஸ் 12ஆம் நிமிடம் சாய்த்துப் பார்த்தாலோ 35ஆம் நிமிடம் பார்த்தாலோ அது வேறு சோதனை ஆகிவிடுகிறது.

82 என்றாலும் 18 பேர் தப்பிவிடுகிறார்கள். அதனால்தான் முதல் குழாய் உறைந்ததும் வீட்டுக்கு அனுப்பாமல், தொடக்கத்தில் அரை மணிக்கு ஒரு முறை திரும்பப் பார்க்கிறார்கள். 'ஒண்ணுமில்லேன்னுட்டாங்க' என்று எழுந்து வருவது கூடாது. ஈறில் ரத்தம் கண்டாலோ இமை சரிந்தாலோ குழாய்க்காகக் காத்திருக்கவே வேண்டியதில்லை, மருந்தைத் தொடங்கிவிடலாம்.

நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் இந்தக் குழாயால் பயனில்லை. அவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்கும். ரத்தம் பாட்டுக்கு உறைந்துகொண்டிருக்கும். தரையில் படுத்தவரைக் கட்டுவிரியன் தூக்கத்திலேயே கடித்திருக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ இராது. விடியற்காலை வயிற்று வலி, கண்ணைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் டாக்டர் இமையைத்தான் பார்ப்பார்.

"அப்ப பாம்பை அடிச்சு எடுத்துட்டுப் போகணுமே?" என்றார் பெரியவர். வேண்டாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் இங்கே ஒரே மருந்துதான். கடித்த நேரத்தைச் சொன்னால் போதும். கயிறு கட்டாமல், கீறாமல், 108ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

எழுந்திருக்கும்போது டீ மாஸ்டர் இன்னொன்று கேட்டார்: சின்னப் பிள்ளையென்றால் பாதி மருந்துதானே? இல்லை. ஆள் சின்னதென்று பாம்பு நஞ்சைக் குறைத்துப் போடுவதில்லை. பெரியவருக்கு எத்தனை குப்பியோ பிள்ளைக்கும் அத்தனை.