உங்களுக்குத் தெரியுமா? கொசுவின் ரீங்காரமே அதைக் காட்டிக்கொடுக்கும்!

ஆந்திர அரசு 2025-இல் அறிவித்த சோதனைத் திட்டம் இது: விஜயவாடா, விசாகப்பட்டினம் உள்ளிட்ட 6 மாநகராட்சிகளில், 66 இடங்களில் தானியங்கிக் கொசு சென்சார்கள். எந்த இனம், ஆணா பெண்ணா, அடர்த்தி எவ்வளவு என்று அவை கணிக்கும். அளவு மீறினால் எச்சரிக்கும். மருந்தடிக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்குப் பணமும் பலனைப் பார்த்துத்தானாம்!

இனத்தைக் கண்டுபிடிக்க உதவுவது ரீங்காரத்தை எழுப்பும் சிறகடிப்பு. இனத்துக்கு இனம் அதன் வேகம் மாறும். ஆண் கொசுவின் ரீங்காரம் பெண்ணுடையதைவிட உச்சஸ்தாயி. கடிப்பதோ பெண் மட்டும்.

நம்மூர்த் தாம்பரம் மாநகராட்சிப் பகுதியிலோ, டெங்கு ஒழிப்புப் பணியாளர் தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா என்று பார்ப்பதுதான் பழகிய காட்சி. சென்சார் மூலம் இனம் தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும்: டெங்கு பரப்பும் ஏடிஸ் என்றால் ஃப்ரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர், சிமென்ட் தொட்டி, கியூலெக்ஸ் என்றால் சாக்கடை, நகர்ப்புற மலேரியாவின் அனாஃபிலிஸ் ஸ்டீஃபென்சி என்றால் கிணறும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும்.