கவிழ்த்துப் பாருங்கள், ஊர் தெரியும்!

ஆரோவில்லில் நண்பர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி நிறைய சிடிகள் இறங்கியிருக்கின்றன. என்ன பாட்டு, யார் பாடியது, அதெல்லாம் அப்புறம்! முதலில் ஒன்றைக் கவிழ்த்து விளக்கடியில் சாய்த்துப் பிடியுங்கள். நடுத்துளையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம். அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள். தட்டு எந்த ஆலையில் பிறந்தது என்பதைச் சொல்லும் இடம் அதுதான்!

ஐஎஃப்பிஐ (IFPI, இசைப்பதிவுத் துறையின் சர்வதேசக் கூட்டமைப்பு) என்று தொடங்கி, எல் எழுத்தும் எண்களும் வந்தால், அது மூலப்பதிவை எழுதிய லேசர் கருவியின் அடையாளம். துளைக்குப் பக்கத்தில், வெறும் பிளாஸ்டிக்கில், இன்னொரு ஐஎஃப்பிஐ இருக்கிறதா? அது வார்ப்பு அச்சின் முத்திரை. இரண்டும் 1994-ல் வந்த ஏற்பாடு. இரண்டுமே இல்லையென்றால் தட்டு அதற்கும் மூத்ததாக இருக்கலாம். திருட்டுப் பிரதியாகவும் இருக்கலாம்.

ஆலைக்குள் நடப்பது அதைவிட அமர்க்களம். ஒளியுணர் பூச்சு பூசிய கண்ணாடித் தட்டில் லேசர் நுண்குழிகளை எழுதும். அதன்மேல் நிக்கல் படியவைத்து உரித்தால் அச்சு தயார். உருகிய பாலிகார்பனேட் அந்த அச்சில் பாய்ந்து, சில விநாடிகளில் தட்டாக வெளியே வரும்! மேலே அலுமினியப் படலம், அதற்குக் காவலாக லாக்கர். பாட்டு உள்ளேயிருந்து வெளியே சுருளாக ஓடுகிறது. நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல்.

ஜெர்மனியில் ஹானோவர் பக்கத்து லாங்கன்ஹாகன் ஆலையில் 1982 ஆகஸ்ட் 17 அன்று இந்த உற்பத்தி தொடங்கியது. முதலில் வந்தது 'அப்பா' (ABBA) இசைக்குழுவின் ஆல்பம்.

இதோ, விளிம்பு பழுப்பேறிய ஒன்று! வளையத்தில் பிடிஓ, யு.கே. என்றிருக்கிறது. மரக்காணத்து உப்புக்காற்றின் மேல் பழி போடாதீர்கள். பிடிஓ நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த ஆலையில் 1988 முதல் 1993 வரை அச்சான பல தட்டுகளுக்கு இந்தக் கதிதான். அட்டைக் காகிதத்திலிருந்த கந்தகத்தை அங்கே பூசிய லாக்கர் தடுக்கவில்லை.

நம் ஊர்த் தட்டு இல்லையா? டெல்லியில் 1983-ல் நேரப்பதிவுக் கருவி செய்யத் தொடங்கிய மோசர் பேயர், ஃபிளாப்பிக்குப் போய், பிறகு வெற்று சிடிகளில் உலகப் பெரும்புள்ளி ஆனது. 28 ரூபாய்க்கு சினிமா விசிடி விற்றதும், 2008-ல் 'பூ' படம் எடுத்ததும் அதே நிறுவனம்தான். பேர் எழுதாத வெற்று சிடியா? கணினியில் போட்டு, அதன் பள்ளத்துக்குள் பதிந்த தயாரிப்பாளர் எண்ணைக் கேளுங்கள். 97:17 என்று தொடங்கினால் அது பெரும்பாலும் மோசர் பேயர்தான்! பெட்டியில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது, அடுத்ததை எடுங்கள்!