கணினி வகுப்பறை – 9: முதலில் பர்ஸை எடுங்கள்

2010-ஆம் ஆண்டின் வசந்தகாலம். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், யுனிவர்சிட்டி அவென்யூவில் ஒரு காபிக் கடை. ஐபேட் விற்பனைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன; அதைக் கையில் தொட்டுப் பார்த்தவர்கள் அந்த ஊரிலேயே குறைவு. அக்‌ஷய் கோத்தாரி, அங்கித் குப்தா என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் கடையில் மேஜை பிடித்து, ஐபேடை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காபி வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே கடை விரித்திருந்தார்கள் இருவரும்.

வந்தவர் கையில் ஐபேடைக் கொடுப்பார்கள். அதில் பாதி வெந்த ஒரு செய்திச் செயலி திறந்திருக்கும். பிறகு விளக்கவுரை கிடையாது. விரல் எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எதைத் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காமல் விழிக்கிறது என்று பார்ப்பார்கள். அவர் போனதும் அதே மேஜையில் செயலியின் கோடைத் திருத்துவார்கள். அடுத்த ஆள் வருவார். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள். அந்தச் செயலியின் பெயர் பல்ஸ்.

இது அவர்களுக்கு வகுப்புப் பாடம். ஸ்டான்ஃபோர்டின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூலில் ‘லாஞ்ச்பேட்’ என்றொரு பாடம் உண்டு. பத்தே வாரத்தில் மாணவர்கள் நிஜமாகவே ஒரு பொருளைச் செய்து சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். கோத்தாரியும் குப்தாவும் பொறியியலும் கணினியும் படித்தவர்கள். அந்தப் படிப்பின் வழக்கம் வேறு: அறைக்குள் உட்கார்ந்து எழுதி முடித்து, பளபளப்பாக்கிய பிறகே வெளியில் காட்டுவது. அந்த வழக்கத்தை உடைக்க டி.ஸ்கூல் வைத்திருக்கும் ஆயுதங்களில் பழையதும் எளியதும் ஒன்று உண்டு. அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். பர்ஸ் போதும்.

சுமார் ஒன்றரை மணி நேரப் பயிற்சி அது. வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் சொல்வது இவ்வளவுதான்: ‘உன்னதமான ஒரு பர்ஸை வரை.’ சில நிமிடங்கள்தான் நேரம். மாணவர்கள் மும்முரமாக வரைவார்கள். ரகசிய அறை, தொலைந்தால் கூவும் சிப், கைரேகைப் பூட்டு எல்லாம் வந்து விழும். நேரம் முடிந்ததும் ஆசிரியர் அந்தத் தாளை ஓரமாக வைக்கச் சொல்லிவிடுவார். மதிப்பெண்ணும் இல்லை, பாராட்டும் இல்லை.

உண்மையான வகுப்பு அப்புறம்தான். இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் தன் பர்ஸை எடுத்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார், மற்றவர் கேட்கிறார். இந்த ரசீது ஏன் இன்னும் இருக்கிறது? இந்தக் கார்டைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்? நாலைந்து நிமிடத்தில் மணி அடிக்கும். இடம் மாற வேண்டும். மறுபடி ஒரு சுற்று. இந்த முறை இன்னும் ஆழமாக. பர்ஸிலிருந்து தொடங்கிய பேச்சு இரண்டாவது சுற்றில் வேறெங்கோ போயிருக்கும். வேலைக்குப் போகாத தம்பிக்கு அனுப்பும் பணம், செலவை எழுதி வைக்காத குற்ற உணர்ச்சி, இறந்துபோன அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று எது வேண்டுமானாலும் வரலாம். எதிரில் இருப்பவருக்குக் கைரேகைப் பூட்டு தேவைப்படவே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

அதன்பிறகு, எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதற்குக் குறைந்தது ஐந்து தீர்வுகளைக் கிறுக்க வேண்டும். அவரிடமே காட்டித் திட்டு வாங்க வேண்டும். கடைசியில் செய்து காட்ட வேண்டும்: கத்தரிக்கோல், செல்லோ டேப், அட்டை, அலுமினியத் தாள். இந்தக் கட்டத்தில்தான் கணினி மாணவர்கள் நெளிவார்கள். எல்கேஜி பிள்ளைபோல் அட்டை ஒட்டுவதா? இன்னும் வடிவம் முடிவாகவில்லையே? முடிவாகாதபோது செய்வதுதான் பயிற்சி என்பதை ஏற்கவே பாதி நேரம் போய்விடும்.

அட்டையும் டேப்பும் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்கள் ஜெஃப் ஹாக்கின்ஸை நினைத்துக்கொள்ளலாம். 1996-இல் வெளியான பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியின் பிதாமகர் அவர். ஒரு வரி கோடு எழுதும் முன்பே, சட்டைப் பையில் அடங்கும் அளவில் மரக்கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டார். கூட்டங்களுக்குப் போனால் கட்டையை எடுத்து, ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் எது பையில் அடங்கும், எந்த வேலைக்குக் கை தானாக அதைத் தேடும் என்பதைக் கட்டை அவருக்குச் சொல்லிவிட்டது.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இந்தப் பயிற்சி கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. கோடில் தப்பு இருந்தால் கம்பைலர் உடனே கத்தும். தப்பான பிரச்சினைக்குச் சரியான கோடு எழுதினால் எந்தக் கம்பைலரும் கத்தாது. எல்லாச் சோதனையும் பாஸாகும். பயன்படுத்தத்தான் ஆள் இருக்காது. ஹாஸோ பிளாட்னர் என்ற ஜெர்மானியர் இதில் பணம் போட்டது தற்செயல் அல்ல. எஸ்ஏபி என்ற மாபெரும் மென்பொருள் நிறுவனத்தை 1972-இல் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். 2005-இல் 3.5 கோடி டாலர் கொடுத்து டி.ஸ்கூலை நிலைநிறுத்தினார், 2007-இல் பாட்ஸ்டாமில், தன் பெயரிலான மென்பொருள் கல்வி நிலையத்திலும் அதேபோல் ஒரு பள்ளியைத் தொடங்க வைத்தார்.

அந்த 2007-இல்தான் ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு வகுப்பு, மலிவான இன்குபேட்டர் ஒன்றை வடிவமைக்கும் வேலையை நான்கு மாணவர்களிடம் கொடுத்தது. வழக்கமான இன்குபேட்டரின் விலை 20,000 டாலர் வரை. விலையைக் குறைப்பது பொறியாளர்களுக்குப் பிடித்த கணக்கு. குழுவில் இருந்த கணினி மாணவர் லைனஸ் லியாங் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தார். அங்கே ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர்கள் இருந்தன, குழந்தைகள் இல்லை. குறைமாதக் குழந்தைகள் பிறப்பதெல்லாம் தொலைதூரக் கிராமங்களில். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் உடம்பு குளிர்ந்துவிடுகிறது. கணக்கே மாறிப்போனது. பெட்டிக்குப் பதிலாக, மெழுகுப் பொதி வைத்த குட்டித் தூக்கப்பை ஒன்றைச் செய்தார்கள். ஒருமுறை சூடாக்கினால் பல மணி நேரம் 37 டிகிரியிலேயே நிற்கும். ‘எம்ப்ரேஸ்’ என்று பெயர் வைத்து, அந்த வேலையைப் பெங்களூருக்கே கொண்டுவந்தார்கள்.

முக்கியமான பாடம் அதற்கும் பிறகு வந்தது. சூடு எவ்வளவு என்று எண்ணில் காட்டும் பட்டை ஒன்று பொதியில் இருந்தது. அதை இந்தியக் கிராமத்துப் பெண் ஒருவரிடம் காட்டி, 37 வரை சூடாக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். முப்பதோடு நிறுத்திவிடுவேன் என்றார் அவர். இங்கிலீஷ் மருந்து வீரியமானது, டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னால் அரை ஸ்பூன்தான் கொடுப்பது வழக்கம், இதுவும் அப்படித்தானே? மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பாட்டிகளோடு வளர்ந்த யாருக்கும் இந்தப் பதில் வியப்பளிக்காது. குழுவினர் எண்களை எடுத்துவிட்டு, ‘சரி’, ‘சரியில்லை’ என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். துல்லியமான தகவலைத் திரையில் காட்டுவது நல்லது என்று பாடப்புத்தகம் சொல்லும். இந்த இடத்தில் அந்தத் துல்லியம் ஒரு குழந்தையைக் குளிரில் விட்டிருக்கும்.

இவ்வளவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘டிசைன் திங்கிங்’ எனப்படும் இந்த முறை பல கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் ஒரு நாள் திருவிழாவாகச் சுருங்கிவிட்டது. சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுச்சீட்டு, குரூப் போட்டோ, சான்றிதழ், சமோசா. 2017-இல் நடாஷா ஜென் என்ற வடிவமைப்பாளர் மேடையேறி இதை வெளிப்படையாகக் கிழித்தார். செய்ததை ஈவிரக்கமில்லாமல் விமர்சிக்கும் கட்டம் இதில் எங்கே என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். பர்ஸ் பயிற்சியில் திட்டு வாங்கும் சுற்றைத் தவிர்த்துவிட்டால் மிஞ்சுவது கைவேலை வகுப்பு மட்டுமே.

பல்ஸ் என்ன ஆயிற்று? மே மாதம் 3.99 டாலருக்கு ஆப் ஸ்டோரில் வந்தது. தொடங்கிய கம்பெனிக்கு அல்ஃபோன்ஸோ லேப்ஸ் என்று பெயர். மாம்பழ சீசன் போலும். ஜூன் 7 காலையில் ஸ்டீவ் ஜாப்ஸே மேடையில் அதைக் காட்டினார். அதே நாளில் செயலி கடையிலிருந்து காணாமல்போனது. தங்கள் செய்திகளைக் காசு வாங்கும் செயலியில் காட்டுவதா என்று நியூயார்க் டைம்ஸ் புகார் கொடுத்திருந்தது. காபிக் கடை மேஜையில் வாசகர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பத்திரிகைக்காரர் யாரையும் கூப்பிட்டு உட்காரவைக்க இருவருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. செயலி பிறகு திரும்பி வந்தது. 2013-இல் லிங்க்ட்இன் அதை 9 கோடி டாலருக்கு வாங்கி, 2015 முடிவில் மூடியது.

(தொடரும்)