அலைகளைப் பிரிக்கும் சல்லடை

இரவில் மெல்லிய குடைத்துணியைக் கண்ணருகே பிடித்து, தொலைவிலுள்ள தெருவிளக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு பல விளக்குகளாகி, வரிசை வரிசையாகத் தெரியும். 1785-இல் அமெரிக்காவில் பிரான்சிஸ் ஹாப்கின்சன் பட்டுக் கைக்குட்டை வழியே இக்காட்சியைக் கண்டு, டேவிட் ரிட்டன்ஹவுஸிடம் காரணம் கேட்டார். இழைகள் சம இடைவெளியில் அமைந்திருப்பதே காரணம். அத்தகைய பரப்பு அலைகளைத் தாறுமாறாகச் சிதறடிப்பதில்லை; குறிப்பிட்ட சில திசைகளில் மட்டுமே செலுத்துகிறது.

ரேடியோ அலைகளுக்கும் இதே விதிதான். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 3.7 மீட்டர் விட்டமுள்ள கிண்ண ஆன்டெனா ஒன்று. அது அனுப்பும் அலைகளோ இரண்டு. ஒன்றின் நீளம் ஏறத்தாழ 13 செ.மீ., மற்றொன்றின் நீளம் 3.6 செ.மீ. கிண்ணத்தின் முன்னே ஒரு சிறு எதிரொளிப்பான் உண்டு. கிண்ணத்தின் நடுவிலிருந்து வரும் குறுகிய அலையை அது திருப்பி அனுப்ப வேண்டும். தனக்குப் பின்னாலிருந்து வரும் நெடிய அலைக்கோ வழிவிட வேண்டும். நம் வீட்டுச் சல்லடைக்கு நேர்மாறு!

இதற்காக அதன் மேல் கூட்டல்குறி வடிவில் அலுமினியத் துண்டுகளை வரிசையாகப் பதித்தார்கள். துண்டின் நீளம் குறுகிய அலையில் ஏறத்தாழப் பாதி. ஆகவே அந்த அலை பட்டதும் ஒத்ததிர்வு உண்டாகி, வலுவான மின்னோட்டம் பாய்ந்து, அலை திரும்புகிறது. நெடிய அலை அத்துண்டுகளைப் பொருட்படுத்துவதே இல்லை.

நீளம் சற்றுப் பிசகினாலும் ஒத்ததிர்வு வேறு அலைக்கு நகர்ந்துவிடும். அண்டைத் துண்டுகளும் ஒன்றையொன்று பாதிக்கும். எனவே முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். 10,000 துண்டுகள், துண்டுக்கு 50 அறியா எண்கள் என்று வைத்துக்கொண்டால், 5 லட்சம் சமன்பாடுகளை ஒருங்கே தீர்க்க வேண்டும். எந்தக் கணிப்பொறிக்கும் இது பெருஞ்சுமை.

இங்கே கைகொடுப்பது, பிரெஞ்சுக் கணித அறிஞர் காஸ்டன் ஃப்ளோக்கே 1883-இல் வெளியிட்ட தேற்றம். சரக்கு ரயிலை எஞ்சின் இழுக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு பெட்டியில் விழும் அதே குலுக்கல், சிறிது தாமதித்து அடுத்த பெட்டியில் விழும். முடிவில்லாத பரப்பில் துண்டுகளின் மின்னோட்டமும் அப்படித்தான்: அளவு ஒன்றே, கட்டம் மட்டும் சம அளவில் பின்தங்கும். ஒரு துண்டைக் கணக்கிட்டால் போதும். மற்றவை தாமே கிடைக்கும். 5 லட்சம் சமன்பாடுகள் 50 ஆகிவிடுகின்றன. நேர்வழியில் தீர்ப்பதானால் வேலை எண்ணிக்கையின் மும்மடிப் பெருக்கமாக உயரும்; ஆகவே மிச்சமாகும் உழைப்பு லட்சம் கோடி மடங்கு!

ஆனால் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் பெட்டி இல்லையே? விளிம்பிலுள்ள துண்டுக்கும் ஒரு பக்கத்தில் அண்டை இல்லை. அதன் மின்னோட்டம் மாறுபடும். பரப்பு மிகப் பெரிதானால் நடுப்பகுதிக்கு இத்தேற்றத்தைப் பயன்படுத்தி, விளிம்பைத் தனியே கணக்கிடுவார்கள். துண்டுகளின் இடைவெளி அலைநீளத்தை மிஞ்சினாலோ, குடைத்துணியில் கண்ட கூடுதல் விளக்குகளைப் போல வேண்டாத கற்றைகள் கிளம்பிவிடும்.

2024 அக்டோபரில் வாயேஜர்-1 கலத்தின் தற்காப்பு அமைப்பு, குறுகிய அலைக் கருவியை நிறுத்திவிட்டு, 1981-க்குப் பின் பயன்படாமலிருந்த நெடிய அலைக் கருவியை இயக்கியது. கலம் அப்போது சுமார் 2,500 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மிக மெல்லிய அந்த அலை, கூட்டல்குறிகளின் ஊடே புகுந்து கிண்ணத்தில் பட்டு, ஏறத்தாழ 23 மணி நேரம் பயணம் செய்து பூமிக்கு வந்தது. பொறியாளர்கள் அதைக் கண்டுபிடித்து, நவம்பரில் கலத்தைக் குறுகிய அலைக்கே திருப்பினார்கள்.