வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: கணக்கு எங்கே தப்பியது?

'இந்தியாவில் ஐ.டி. மார்க்கெட் இன்னும் ஐந்து ஆண்டுகளில் இத்தனை மடங்கு வளரும்' என்ற செய்தியைப் படிக்காதவர்கள் இருக்க முடியாது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு இப்படிப்பட்ட செய்தியைப் பார்த்தால் ஒரு பெருமை கூட வரலாம். எனக்கோ வயிற்றைக் கலக்கும். காரணம் என் மாமா.

2003 ஆம் ஆண்டு அவர் மில் வேலையில் விருப்ப ஓய்வு பெற்றார். கையில் வந்த பணத்தை என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தானே! அருப்புக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் வையுங்கள் என்றேன். ஆறு கம்ப்யூட்டர், மணிக்கு 25 ரூபாய், ஒவ்வொன்றும் தினம் ஆறு மணி நேரம் ஓடினாலே 900 ரூபாய் என்று நோட்டுப் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். நம்பிப் பணத்தைப் போட்டார்.

அந்தக் கணக்கு முழுக்க என் கற்பனை அல்ல. 1998 இல் மத்திய அரசு அமைத்த ஐ.டி. சிறப்புக் குழு இரண்டு இலக்குகளை வைத்தது. 2008 க்குள் சாப்ட்வேர் ஏற்றுமதி 5,000 கோடி டாலரைத் தொட வேண்டும் என்பது ஒன்று. 2008 க்குள் அனைவருக்கும் ஐ.டி. என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதல் இலக்கு ஓரளவு நிறைவேறியது. 2008-09 இல் ஏற்றுமதி 4,700 கோடி டாலரை ஒட்டி வந்துவிட்டது. இன்று அதன் அளவே வேறு. 2024-25 ஆம் நிதியாண்டுக்கு நாஸ்காம் அமைப்பு சொன்ன கணக்குப்படி இந்திய ஐ.டி. துறையின் மொத்த வருமானம் சுமார் 28,200 கோடி டாலர். அதில் சுமார் 22,400 கோடி டாலர் ஏற்றுமதி. அதாவது ஐந்து ரூபாயில் நான்கு ரூபாய் வெளிநாட்டு வேலைக்காக வருகிறது. செய்திகளில் 'ஐ.டி. வளர்ச்சி' என்று படிக்கும்போது இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். சென்னை டைடல் பார்க்கில் விளக்கு எரிவதற்கும் உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நான் செய்த தவறு இரண்டையும் ஒன்றாக எண்ணியதுதான்.

பத்தில் ஒன்று

இரண்டாவது இலக்கு என்ன ஆயிற்று? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீடுகளில் கம்ப்யூட்டர் உண்டா என்றும் கேட்டார்கள். 'உண்டு' என்று சொன்ன வீடுகள் நூற்றுக்கு 9.5 மட்டுமே. இன்டர்நெட் இணைப்போடு கம்ப்யூட்டர் வைத்திருந்தவை வெறும் 3.1. பிராட்பேண்டும் இதே கதைதான். 2010 இறுதிக்குள் 2 கோடி இணைப்புகள் என்று 2004 ஆம் ஆண்டுக் கொள்கை சொன்னது. கிடைத்தவை சுமார் 1.1 கோடி. இத்தனைக்கும் அன்று 256 கே.பி.பி.எஸ். வேகம் இருந்தாலே பிராட்பேண்ட் என்று பெயர். நான்கு எம்.பி. அளவுள்ள ஒரு பாட்டை டவுண்லோட் செய்ய இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

சரி, பிறகாவது வேகம் பிடித்ததா? 2017-18 இல் தேசிய மாதிரி ஆய்வு நடந்தது. கம்ப்யூட்டர் உள்ள வீடுகள் 10.7 சதவீதம். நகரங்களில் 23.4, கிராமங்களில் 4.4. ஏழு ஆண்டுகளில் ஏறியது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான்!

ஆனால் அதே ஆய்வில் இன்டர்நெட் வசதி உள்ள வீடுகள் 23.8 சதவீதம். கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்கு இன்டர்நெட் எப்படிப் போனது? உங்களுக்கே தெரியும். செல்போன் வழியாகத்தான். 2014 இல் ஒரு ஜி.பி. டேட்டாவின் சராசரி விலை சுமார் 269 ரூபாய். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அது சரிந்து 10 ரூபாய் அளவுக்கு வந்தது. 2025 மார்ச் இறுதியில் நாட்டின் பிராட்பேண்ட் இணைப்புகள் 94 கோடியைத் தாண்டியிருந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை செல்போன் இணைப்புகள்தான்.

2024 இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்மார்ட்போன்கள் சுமார் 15 கோடி. டெஸ்க்டாப், லேப்டாப் எல்லாம் சேர்த்து கம்ப்யூட்டர்கள் சுமார் 1.44 கோடி. இவை ஐ.டி.சி. நிறுவனத்தின் கணக்குகள். கொரோனா காலத்தில், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக ஆளாளுக்கு லேப்டாப் தேடிய 2021 இல் 1.48 கோடி விற்றது. அந்த அவசரம் தீர்ந்ததும் விற்பனை அங்கேயே நின்றுவிட்டது.

விலை ஏன் இறங்கவில்லை?

'கம்ப்யூட்டர் விலை வருடா வருடம் இறங்கும், கொஞ்சம் பொறுங்கள்' என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்வோம். 2005 இல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டர் என்று எச்.சி.எல். கொண்டு வந்தது. 2011 இல் மத்திய அரசின் ஆகாஷ் டேப்லட் வந்தது. எதுவும் வீட்டுக்கு வீடு போய்ச் சேரவில்லை. உதிரி பாகங்களில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம். 2003 இல் டாலருக்கு சுமார் 46 ரூபாய். 2025 டிசம்பரில் அது 90 ரூபாயைத் தாண்டியது. 400 டாலர் மதிப்புள்ள ஒரு மெஷின் டாலரில் ஒரு காசு கூட ஏறவில்லை என்றே வைத்துக் கொள்ளுங்கள். அன்று 18,400 ரூபாய், இன்று 36,000 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. போதாக்குறைக்கு 2025 இறுதியில் ராம் விலையும் எகிறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்புகள் போய்விடுகின்றன.

ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் 2007 முதலே கம்ப்யூட்டர் தயாரிக்கிறது. 2023 இல் ஐ.டி. ஹார்ட்வேர் உற்பத்திக்கு 17,000 கோடி ரூபாய் ஊக்கத் திட்டமும் வந்தது. இருந்தாலும் சிப்பும் டிஸ்ப்ளேயும் கடல் தாண்டி வரும்வரை விலை டாலரோடுதான் ஓடும் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இன்னொரு வழியாகவும் கம்ப்யூட்டர் வந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பயன் பெற்றார்கள். 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் என்று அறிவித்தார்கள். மார்க்கெட் ஆய்வுகளில் இது வெறும் 'அரசு கொள்முதல்' என்று ஒரு வரியில் போகும். பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

மாமா கடை

2012 இல் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கிறதா? யு.பி.எஸ். பேட்டரி மாற்றியே மாமா ஓய்ந்து போனார். ஏற்கனவே பையன்கள் செல்போனுக்கு மாறிக் கொண்டிருந்தார்கள். ஆறில் ஐந்து கம்ப்யூட்டரைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக் கொண்டு, ஜெராக்ஸ் மெஷின் வாங்கிப் போட்டார்.

போன மாதம் அவரிடமிருந்து போன். "மாப்ள, கடையில கூட்டம் தாங்கல. இன்னும் ரெண்டு கம்ப்யூட்டர் போடவா? நீ சொல்லு."

மறுபடியும் நானா! இந்த முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் யார் எதற்கு வருகிறார்கள் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதி வைத்தார், போய்ப் பார்த்தேன். வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன். பணம் கூட யு.பி.ஐ. மூலம்தான் தருகிறார்கள். ஆனால் தேர்வு விண்ணப்பத்தில் போட்டோவைச் சொன்ன கே.பி. அளவுக்குச் சுருக்க வேண்டும், நான்கு சர்ட்டிபிகேட்டை ஒரே பி.டி.எப். ஆக்க வேண்டும், பயோடேட்டாவில் ஒரு வரி திருத்த வேண்டும். இதற்குத்தான் வருகிறார்கள். இன்டர்நெட் பார்க்க வந்தவர் என்று நோட்டில் ஒருவர் கூட இல்லை.

94 கோடி இணைப்புகளுக்கும் பத்தில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி இதுதான். உள்நாட்டு மார்க்கெட்டில் இனி வளர்ச்சி வந்தால் இங்கிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன். எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடி அக்கம்பக்கத்தார் பென் டிரைவோடு வரும்போது நீங்களே பார்ப்பீர்கள்.

மாமாவிடம் இரண்டு வேண்டாம், ஒன்று போதும் என்றேன். பழைய மெஷினில் விண்டோஸ் 10 இருக்கிறது. 2025 அக்டோபர் 14 உடன் அதற்கான சப்போர்ட் முடிந்துவிட்டது. டி.பி.எம். 2.0 இல்லாததால் விண்டோஸ் 11 ஏறாது. எனவே புதியதை, 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. டிஸ்க்கோடு வாங்கி விண்ணப்ப வேலைக்கு வைத்துக் கொள்ளட்டும். பழையதில் லினக்ஸ் போட்டுத் தருகிறேன், பிரிண்ட் எடுக்கவும் பி.டி.எப். சேர்க்கவும் ஆகும் என்றேன்.

"அப்ப அந்தப் பழைய பேப்பர்ல போட்ட கணக்கு?" என்று சிரித்துக் கொண்டே மேஜை டிராயரைத் திறந்தார். 2003 இல் நான் எழுதிக் கொடுத்த தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.